அக்கரைச் சரக்கு

படகிலிருந்து முதலில் இறங்கிய வேலு, முழங்கால் தண்ணீரிலேயே தள்ளாடினான்.

பிராங்க்ளினுக்கு அது போதும். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

கரையில் ஊர்த் தலைவர் பெருமாள் நின்றார். பிராங்க்ளின்தான் சாட்சிக்கு அவரை இழுத்து வந்திருந்தான்.

பிராங்க்ளின் பழவேற்காட்டுக்காரன். இந்தக் குப்பத்து அரசு மதுக்கடையை ஒட்டிய பாரை ஏலத்தில் எடுத்து நடத்துகிறவன். பாட்டில் விலையில் கைவைக்க அவனுக்கு உரிமை இல்லை. கிளாஸ், தண்ணீர், சைடிஷ், அவ்வளவுதான் அவன் வியாபாரம்.

முகத்துவாரம் மண்ணடித்து, ஏரியில் மீன்வரத்து குறைந்ததும் பார் காலியானது.

கிளாஸும் தண்ணீரும் இலவசம் என்று எழுதிப் போட்டான். யாரும் வரவில்லை. குவார்ட்டருக்கு ஒரு தட்டு நண்டு வறுவல் சும்மா என்றான். இரண்டு பேர் வந்தார்கள். நண்டைத் தின்றார்கள். அக்கரையில் எல்லாம் மலிவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்கரை ஆந்திரா. அங்கே நூறு ரூபாய்க்குள் குவார்ட்டர். காலையில் ஒரு படகு நிறைய ஆட்கள் போவார்கள். பொழுது சாயும்போது போதையோடு திரும்புவார்கள்.

குடிக்கப் போகிறவனுக்குக் கோழி கூவும்போதே என்ன அவசரம் என்று அவன் பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறான்.

இந்த மாதமும் இப்படியே போனால் பாரை விட்டுவிட வேண்டியதுதான். அந்தப் படகை ஊர் நிறுத்தினால் ஒழிய வேறு வழியில்லை. அக்கரைச் சரக்கு கையில் சிக்கினால் நிறுத்திவிடுகிறேன் என்று தலைவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"இன்னா பாருக்காரரே, ஈ ஓட்டி ஓட்டி கை நோவுதா? மால போட்டு எங்கள வரவேற்க வந்துட்ட!" படகிலிருந்து எவனோ கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

பிராங்க்ளின் செருப்போடு தண்ணீரில் இறங்கி வேலுவின் பையைப் பிடித்தான். வேலு விடவில்லை. இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மார்போடு மார்பு மோதிக்கொண்டார்கள்.

வேலுவின் சட்டையில் பிராந்தி நாறியது.

வாயில் நாறவில்லை.

குடிகாரர்களின் மூச்சை முகத்தில் வாங்கியே வயிறு வளர்த்தவன் பிராங்க்ளின். அவனை அதில் ஏமாற்ற முடியாது. வேலுவின் வாயில் அடித்தது பசி.

என்னவோ சூது. அவன் பைக்குள் கையை விட்டான்.

முதலில் தட்டுப்பட்டது ரப்பர் பூட்ஸ். உள்ளே சொதசொதவென்று ஈரம். வெள்ளையாக ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. சுண்ணாம்புத் தூள். இறால் தீவனத்தின் கவிச்சி குப்பென்று ஏறியது.

அடியில் ஒரே ஒரு குவார்ட்டர் பாட்டில். அதில் கொஞ்சம்தான் மிச்சம். மூடியைத் தடவினான். ஆணியால் குத்திய ஓட்டைகள்.

அந்த ஓட்டை வழியாகக் குடிக்க முடியாது. தெளிக்கலாம்.

நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தான். எல்லார் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் மட்டும் ஈரப் புள்ளிகள்.

அக்கரையில் பிராந்திக் கடை மட்டும் இல்லை. குட்டையில் சுண்ணாம்பு தூவி இறால் வளர்க்கும் பண்ணைகளும் இருக்கின்றன. பண்ணைக் கழிவால்தான் ஏரி கெட்டது என்று ஊர் கூடிக் கொதித்ததை அவனும் கேட்டிருக்கிறான். அங்கே கூலிக்குப் போகிறவனுக்கு இனி ஏரியில் பாடு கிடையாது என்று அன்றே கட்டுப்பாடு போட்டார்கள். பாடு என்றால் வலை போடும் முறை. அப்பனுக்குப் பின் மகனுக்கு வருவது. அது போனவன் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேலு பிராங்க்ளினின் காதோரம் குனிந்தான். நாக்கு குழறவில்லை.

"குடிகாரன்னு சொல்லிக்கோ அண்ணே. திருடன்னு வேணா சொல்லு. வேற எதுவும் சொல்லிடாத."

கரையில் வேலுவின் மனைவி கஸ்தூரி தொடங்கிவிட்டாள். "ஊட்ல ஒல வெக்க அரிசி இல்ல, தொரைக்கு ஆந்திரா சரக்கு கேக்குதா?" குரல் குப்பம் முழுக்கக் கேட்டது. முகத்தில் பொட்டுக் கோபம் இல்லை.

பூட்ஸை எடுத்துக் காட்டினால் படகு இன்றே நிற்கும்.

நின்று? கூலியும் பாடும் போனவன் எந்த பாருக்கு வந்து எதைக் குடிப்பான்? விலை மலிவென்று இவர்கள் எங்கேயும் போகவில்லை. நண்டை விடு, சரக்கையே சும்மா ஊற்றினாலும் வந்திருக்க மாட்டார்கள். இவர்கள் குடித்தே பல மாதம் ஆகியிருக்கும்.

இத்தனை நாளும் தன் முகத்துக்கு நேரே நடித்திருக்கிறார்கள் என்பதுதான் அவனுக்கு உறைத்தது.

"இன்னாபா, சரக்கு கீதா?" கரையிலிருந்து தலைவர் கேட்டார்.

பிராங்க்ளின் பையின் வாயை முறுக்கிப் பிடித்தான். இரண்டடி முன்னே வந்து அவர் கையை நீட்டினால் வேலுவின் கதை முடிந்தது.

"காலி பாட்டிலு தலைவரே."

"காலி பாட்டிலுக்கெல்லாம் படக நிறுத்த முடியாதுபா." தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

படகில் இன்னும் ஒரு ஆள் இருந்தான். அவன் இறங்கும்வரை அவர் நிற்கவில்லை.

இறங்கியது அவர் மகன் பூவரசன்.

அவன் தள்ளாடவில்லை. காலில் இருந்த பூட்ஸையும் கழற்றவில்லை.