கழுத்தில் ஒரு துடிப்பு

காலையிலிருந்து ஸ்கேன்காரிக்கு இது பதினேழாவது கழுத்து. ஜெல்லைத் தடவி, இடப்பக்கம் வீங்கியிருந்த நெறிகட்டியின் மேல் கருவியை வைத்து, ரத்த ஓட்டத்தின் சத்தத்தைத் திறந்துவிட்டாள். பக்கத்து ரத்தக்குழாயில் நிமிடத்துக்கு எண்பத்தாறு துடிப்பு. கட்டிக்குள் ஐம்பத்திரண்டு. மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "மறுபடியும் அம்பத்திரண்டுதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

படுத்திருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு எப்பவும் அம்பத்திரண்டுதான். டாக்டருங்களே மறுபடி எண்ணிப் பார்ப்பாங்க. தூங்குறப்போ என் கழுத்துல இந்தப் பக்கம்தான் முகத்தைப் புதைச்சுப்பார். வர்ற மாசத்தோட அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம்."

ஸ்கேன்காரி சத்தத்தைக் குறைக்கவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. சாதாரண வீக்கம். பத்து நாள் மாத்திரை போட்டா கரைஞ்சிடும்."

அம்மாள் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கரையாம இருக்க ஏதாவது மாத்திரை இருக்காம்மா?"