மேனேஜரின் இருமல்

எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தார் டாக்டர். “மேனேஜர் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு. சளி இல்ல. நிழல்கூட இல்ல.”

“அப்ப இருமல் எங்கேர்ந்து வருது டாக்டர்?” மகளின் குரல் ஏறியது. போன தடவை வந்தபோதும் இதே பதில். அதற்கு முன்பு காட்டிய கிளினிக்கிலும் இதே பதில்தான்.

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூண்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தது. எவன் வேலை செய்கிறான், எவன் டிமிக்கி கொடுக்கிறான் என்று நோட்டம் விடுகிற அந்த நடைக்காகத்தான் அந்தப் பச்சைக் கிளிக்கு வீட்டில் அப்படிப் பெயர்.

அம்மா கதவோரமாக நின்றாள். மகள் ஸ்கூட்டர் ஓட்டும்போது கூண்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று இழுத்து வரப்பட்டவள். மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கிற வேலை. நேரமாகிவிட்டது என்று வந்ததிலிருந்து முனகிக்கொண்டிருந்தாள்.

“அதான் ஒண்ணுமில்லைங்கிறாரே. வா, கிளம்பலாம்.”

“நீ சும்மா இரும்மா! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு எல்லாரும் சேர்ந்து என் கிளியை அனுப்பி வச்சிடுவீங்க.”

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “மூச்சு விடுறப்ப வால் ஏறி இறங்குதா? றெக்கையை உப்பிக்கிட்டு ஓரமா உக்காருதா? எச்சம் நிறம் மாறியிருக்கா?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். மூக்கில் நீர் வடியவில்லை. தீனியில் குறையில்லை. தினமும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறாள், எடையும் இறங்கவில்லை.

“இருமுறதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“ஒண்ணு ரெண்டு தடவை பார்த்தேன். மத்தபடி என் ரூம்லேர்ந்து கேக்கும். பதறி ஓடி வந்தா நின்னு போயிடும். என்னம்மா ஆச்சுன்னா அம்மா கூண்டைக் கைகாட்டுவாங்க.”

டாக்டர் தாடையைத் தடவினார். “பறவைங்களை நம்பவும் முடியாது. உடம்புக்கு முடியலைன்னா வெளியில காட்டிக்காது. கடைசி வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். நமக்குத் தெரிய வர்றப்ப பாதி முடிஞ்சிருக்கும்.”

“கேட்டுக்கோம்மா, நல்லா கேட்டுக்கோ!” மகள் அம்மா பக்கம் திரும்பினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. “ஒட்டாத தவா சூடேறினா வர்ற புகை ஆகாதுன்னு தவாவைத் தூக்கிப் போட்டேன் டாக்டர். கொசுவத்தியை நிறுத்தினேன். இவங்க என்னடான்னா வேலை முடிஞ்சு உடம்பெல்லாம் பஞ்சோட வந்து நேரா கூண்டுகிட்டதான் நிக்குறாங்க. துணியை உதறிட்டு வான்னா காதுலயே விழாது. அதோட நுரையீரல் எவ்வளவு சின்னது! அந்தத் தூசு என்ன பண்ணும்?”

“எங்க பரம்பரையிலயே முதல் டிகிரி. உக்காந்து கிளியோட நுரையீரலை அளக்குது” என்றாள் அம்மா.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு வரவில்லை.

“கிண்டல் பண்ணு. வேலை விட்டு வர்றப்ப என் வண்டிச் சத்தம் கேட்டுக் கத்துற ஒரே ஜீவன் அது. அதுவும் போயிட்டா தெரியும் உனக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பினாள். “ஏதாவது மருந்து எழுதிக் குடுங்க.”

“இல்லாத நோய்க்கு மருந்து குடுத்தா, அந்த மருந்தே நோயாயிடும்மா.”

“அப்ப செத்ததுக்கு அப்புறம் குடுப்பீங்களா?”

டாக்டர் எழுந்தார். மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் கைகழுவக் குழாயைத் திறந்தார்.

கூண்டிலிருந்து இருமல் வந்தது. வறண்டு, அடிவயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். மேனேஜர் தலையைச் சாய்த்து நின்றிருந்தது. உடம்பு துளியும் குலுங்கவில்லை.

“பாருங்க! இப்பவாவது பாருங்க! நான் என்ன பொய்யா சொன்னேன்?”

டாக்டர் குழாயை மூடினார். இருமல் நின்றது. திறந்தார். இருமல் தொடங்கியது. இப்போது அவர் கிளியைப் பார்க்கவில்லை.

“வீட்டுல எப்ப இருமும்?”

“காலைல. அம்மா பாத்திரம் கழுவுறப்ப.”

“குழாய் திறந்திருக்கும்?”

“ஆமா, பின்ன? ஏன் டாக்டர், ஈரக் காத்து ஒத்துக்கலையா?”

அம்மா விறுவிறுவென்று வந்து கூண்டைத் தூக்கினாள். “போதும்டி. என்னை வேலைக்கு விடுறியா இல்லையா?” என்றவள், கொண்டு வந்திருந்த துணியை அவசரமாக அதன்மேல் போர்த்தினாள். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

துணிக்குள்ளிருந்து மறுபடி இருமல். அதன் பின் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் சத்தம். அதன் பின், ரகசியம் பேசுகிற தாழ்ந்த தொனியில், அச்சு அசல் அம்மாவின் குரலில் கிளி சொன்னது:

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மேனேஜர்.”