தொண்ணூறு கொட்டை

பொம்மிடி ஏரிப் பொட்டலில் ரிட்டயரான வெள்ளைக்கார இன்ஜினீயர் தினமும் தனியாகக் கோல்ஃப் ஆடுவார். அடிக்கு ஒரு புளியங்கொட்டையாக டப்பாவில் போடுவது சமையல்கார மாதப்பன்.

“தொண்ணூறு அடிக்குள்ள ஆட்டத்தை முடிச்சுட்டா, சீமைக்குக் கப்பலேறிடுவேன் மாதப்பா.”

பெண்டாட்டி போனபின் மாதப்பனுக்குப் பேச்சுத்துணை துரைதான். அதனால் நாலு வருஷமாகத் தினமும் ரெண்டு மூணு கொட்டை கூடுதலாகவே போட்டுவந்தார்.

துரைக்கு எழுபது வயது முடிந்த அன்று மாதப்பனுக்கு மனசு கேட்கவில்லை. துரை அடித்தது எண்பத்தொன்பது, இவரும் சரியாக எண்பத்தொன்பதே போட்டார்.

டப்பாவை வாங்கி எண்ணினார் துரை. “தொண்ணூத்திரெண்டு. இன்னைக்கும் ஆகலை.”

முகம் துடைக்கக் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே நாலைந்து புளியங்கொட்டைகள் தரையில் விழுந்தன.

மாதப்பன் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டுங்க, தொரை?”