பட்டியலில் இல்லாத இடம்

“கப்பல் காலையில எட்டரைக்குக் கரையைத் தொடும். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் உள்ள இருந்தாகணும். இதுக்குள்ள ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நான் எங்கேன்னு போவேன்?”

ஹில்டே பேனாவை வரைபடத்தின் மேல் போட்டாள். மூன்று வாரமாக வீட்டுப் பஞ்சாயத்து இதுதான். பதினாலு வயது தூவாவுக்கு ரோப் காரில் ஏறி ட்ரோம்சோ மலை உச்சியில் நிற்க வேண்டும். ஒன்பது வயது சிவெர்ட்டுக்கு நாய்கள் இழுக்கிற பனிச்சறுக்கு வண்டிதான் வேண்டும். மலை போரடிக்கும் என்பான் அவன். நாய் நாறும் என்பாள் இவள். ஜனவரியில் இந்தப் பக்கம் சூரியனே எட்டிப் பார்ப்பதில்லை. நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான். அதற்குள் மலையையும் ஏறி நாயையும் பார்ப்பதென்றால் மனுஷிக்கு இறக்கைதான் முளைக்க வேண்டும்.

“அப்பா என்ன சொன்னார்?” என்றாள் தூவா.

“எங்க வேணா போகலாமாம். ஒரே ஒரு இடம் மட்டும் வேண்டாமாம்.”

“எந்த இடம்?”

“அது நம்ம லிஸ்ட்லயே இல்ல, விடு.”

உண்மையைச் சொன்னால் ஹில்டேவுக்கு மலையும் வேண்டாம், நாயும் வேண்டாம். நாலு பேரும் ஒரே ஒரு நாள் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கோடைக்குப் பிறகு அது வாய்க்கவே இல்லை. இந்த நாளும் சொதப்பினால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் அவளே தீர்ப்பு எழுதினாள்: முதலில் நாய் வண்டி, பிறகு மலை, நடுவில் கடலோரம் நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டுச் சாப்பாடு. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

அந்த நாளும் வந்தது. துறைமுக வாசலைத் தாண்டும்போது பனி பொடிப்பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஹில்டே காரை ஓட்ட, பக்கத்தில் ஆர்விட் உட்கார்ந்திருந்தான். இரண்டு ராத்திரியாக அவன் கண்ணை மூடவில்லை, பார்த்தாலே தெரிந்தது. பின்சீட்டிலிருந்து சிவெர்ட் ஒவ்வொரு நாயின் பெயராகச் சொல்ல ஆரம்பித்தான். நாலாவது நாய்க்கு வருவதற்குள் அப்பாவின் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

நாய் வண்டிக்காரரிடம் போய்ச் சேர்ந்ததும் ஹில்டே அவன் தோளை உலுக்கினாள். “இதோ வந்துட்டேன்” என்றான், கண்ணைத் திறக்காமலே. மறுபடி உலுக்கினாள். இந்தத் தடவை குறட்டைதான் பதில். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் கிடைத்தது ஒரு குறட்டை.

“விடும்மா, தூங்கட்டும்” என்றாள் தூவா.

அடுத்து சிவெர்ட் ஒரு ஆட்டம் ஆடுவான் என்று ஹில்டே காத்திருந்தாள். அவன் நாய்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாய்கள் எங்கேயும் ஓடிவிடாது என்றான். பிறகு, கடலோரம் போகலாம், ஆனால் இடத்தை நான்தான் காட்டுவேன் என்றான்.

அவன் காட்டிய இடத்தில், தண்ணீரைப் பார்க்கிற மாதிரி காரை நிறுத்தச் சொன்னான். எதிர்க்கரைச் சரிவு முழுக்க வீடுகள். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகளை ஜன்னல்களிலிருந்து எல்லோரும் எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஒரே ஒரு மஞ்சள் வீட்டு மாடியில் மட்டும் காகித நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஹில்டே அதைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், ஹீட்டரைக் கூட்டிவைத்தாள்.

பிள்ளைகள் நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டார்கள். உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றி அப்பாவுக்கு இரண்டு எடுத்துவைத்தார்கள். பிறகு காருக்குள் மூவரும் நெருக்கி உட்கார்ந்து, குறட்டை எத்தனை வகை என்று பெயர் வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை என்பது ஹில்டேவுக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. நீல வெளிச்சம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

துறைமுகத்துக்குத் திரும்பி வந்து மூன்றே முக்காலுக்கு எழுப்பியபோது ஆர்விட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

“எல்லாத்தையும் கெடுத்துட்டேன், ஹில்டே.”

“ஒண்ணும் கெடல. சாசேஜைத் தின்னு, ஆறிப்போச்சு.”

கப்பல் படிக்குக் கீழே நாலு பேரும் நின்றார்கள். பயணிகள் பொட்டலமும் கையுமாக அவர்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தார்கள். ஆர்விட் குனிந்து சிவெர்ட்டின் தொப்பியைச் சரிசெய்தான்.

“ஏன்டா, நம்ம வீட்டு மாடியில நட்சத்திரத்தை இன்னும் கழட்டலையா?”

ஹில்டே திடுக்கிட்டாள். அப்படியானால் கடலோரத்தில் இவன் நடுவில் எப்போதோ கண்விழித்திருக்கிறான்.

“நீங்க கிறிஸ்துமஸுக்கு வரலைல்லப்பா. பார்க்கட்டும்னுதான் வச்சிருந்தேன்.”

“பார்த்தேன்” என்றான் ஆர்விட். மூவரையும் ஒரு முறை இறுக்கிக்கொண்டு, பயணிகளுக்குப் பின்னால் தனியாகப் படியேறினான். இந்த ஒரு பகலுக்காக இரண்டு ராத்திரி அடுத்தவர் வேலையையும் சேர்த்துச் செய்தவனுக்கு, ஆறு மணிக்கு மறுபடியும் இயந்திர அறை. இனி ஏப்ரலில்தான் விடுப்பு.

ஹில்டே காரைத் திருப்பி, பாலத்தைத் தாண்டி அந்த மஞ்சள் வீட்டை நோக்கி ஓட்டினாள். “வாசலை மிதிச்சுட்டா திரும்பக் கப்பலேறக் கால் வராது, ஹில்டே, வேற எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ” என்று போனில் அவன் கெஞ்சி வேண்டாமென்றது அந்த ஓர் இடத்தைத்தான்.