பொன்னுதுரைக்கு வைத்த அரிசி

பால் டின் காலியாக இருந்தது.

கமலவேணி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். ஒரு மணி விழவில்லை. பங்கீட்டில் கிடைத்த அரிசியில் ஆறு மாதமாகப் பிடி பிடியாக ஒதுக்கி, கட்டிலுக்கடியில் பழைய துணிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். இவள் எடுக்கவில்லை என்றால் யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க ஜப்பான் போலீஸ் வர வேண்டியதில்லை.

வீட்டுக்காரி தெய்வானை மலாக்கா செட்டி வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். மலாக்கா டவுனில் காஜா பேராங் பக்கம் இருந்த அவள் வீட்டில்தான் பொன்னுதுரை கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடியிருந்தான். அவளை ‘மக்’ என்று கூப்பிடுவான். மலாயில் அம்மா என்று அர்த்தம். கப்பலில் வந்து இறங்கிய புதுப்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? வயதில் பெரியவளை வாய்க்கு வாய் ‘மக்கு’ என்று திட்டலாமா என்று புருஷனைத் தனியாக அழைத்துக் கண்டித்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. மூன்றாம் மாதமே ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஊருக்குப் போகக் கப்பல் இல்லை, கடிதமும் போகாது. போன ஆனியில் பொன்னுதுரையை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

“மூணு மாசந்தானாம். வந்ததும் சுடச்சுடச் சோறு போடு. இந்தக் கிழங்கு மட்டும் வேணாம்.”

லாரியிலிருந்து அவன் சொன்ன கடைசிப் பேச்சு அது. அந்தச் சோற்றுக்காகச் சேர்த்த அரிசிதான் காணாமல் போயிருந்தது.

பக்கத்து வீட்டுச் சந்திரமதி வேலியோரம் வந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு டவுனுக்குக் குடிவந்தவள். எரிகிற அடுப்பில் ஊதிவிடுவது அவளுக்குக் கைவந்த கலை. விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினாள்.

“இன்னிக்குப் போகி இல்லையா? செட்டிங்க வீட்டுல பார்ச்சு கும்பிடுவாங்க. செத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு இலை போட்டு, பேரச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவாங்க. உன் அரிசி இந்நேரம் அந்தக் கிழவி புருஷனுக்கு வெந்துக்கிட்டு இருக்கும். அதுக்கு வேற யாரு இருக்கா?”

கமலவேணிக்கு நெஞ்சு கொதித்தது. அரிசி மட்டுமா? சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேர் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு மற்ற பெண்கள் தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்துவிட்டு வருகிறார்கள். இவளை மட்டும் தெய்வானை வாசற்படி தாண்ட விடுவதில்லை. எது கேட்டாலும் ‘அனாக் டுலு’ என்பாள். பிள்ளை முதலில் பிறக்கட்டுமாம். போன மாதம் சயாமிலிருந்து வந்த ஒருவன் வாசலில் நின்றான். இவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வருவதற்குள் தெய்வானை அவனைப் பேசி அனுப்பிவிட்டாள். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு ‘பாய்க்’ என்று ஒரே வார்த்தை. நன்றாக இருக்கிறானாம்.

துணைக்கு இருக்கும் ஆள் போய்விடுமே என்ற பயம்தான் அவளுக்கு என்று சந்திரமதி அன்றைக்கே சொன்னாள். இவள்தான் நம்பவில்லை. மொழி தெரியாத ஊரில் யாரை நம்புவது, யாரை நம்பாமல் இருப்பது என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

“எங்க வீட்டுக்கு வந்துடு,” என்றாள் சந்திரமதி. “நாளைக்கே தம்பினுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டுட்டு வா.”

கமலவேணி உள்ளே போய் இரண்டு சேலையை மூட்டை கட்டினாள். நிறைமாத வயிறு முட்டியது. நடு அறைக் கதவு சாத்தியிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்தப் பக்கம் வரக்கூடாது என்று காலையிலேயே தெய்வானை கையைக் காட்டித் தடுத்திருந்தாள். கதவிடுக்கு வழியாக, கிழங்கு கலக்காமல் வெந்த சோற்றின் வாசனை வந்தது. அந்த வாசனையை முகர்ந்து எத்தனை மாதம் ஆகிறது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

உயிரோடு இருக்கிற என் புருஷனுக்கு வைத்ததை எடுத்துச் செத்துப்போன உன் புருஷனுக்கா போடுகிறாய்? இதைத்தான் கேட்கப் போகிறாள். புரிந்தால் புரியட்டும், புரியாவிட்டால் போகட்டும். ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

தெய்வானை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் முன்னால் இரண்டு இலைகள் இருந்தன.

சுவரில் மாட்டியிருந்த புருஷன் படத்துக்கு நேராகப் போட்ட இலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு, அவ்வளவுதான். மலாயில் அவர் பெயரைச் சொல்லி அழைத்துக் கும்பிட்டாள்.

படமில்லாத மற்ற இலையில் வெள்ளைச் சோறு ஆவி பறக்கக் குவிந்திருந்தது.

அதன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாக்குக்கு வராத தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி, மெல்லக் கூப்பிட்டாள்.

“பொன்னுதுரை... வா. சோறு இருக்கு. சாப்பிடு.”