கிணற்றில் இறங்கிய கால்

"காலைக் காட்டுறதுக்கு என்ன வெக்கம்? தூக்கிக் காட்டும்மா!"

ஊர்த்தலைவர் அம்பலக்காரர் நல்லகாமன் போட்ட அதட்டலில் ரெங்கம்மாள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். கொப்புளம் உடைந்து, வெள்ளை நூலாக நரம்புச்சிலந்திப் புழு எட்டிப் பார்த்தது. அத்தனை ஆம்பிளைகளும் பார்க்க நின்றதில் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பார்க்க வந்த மலைச்சாமிக்கும் தலை நிமிரவில்லை. பட்டணத்துக் காலேஜில் குடிநீரும் சுகாதாரமும் படிக்கிறவன். விளாங்குடிக்கு மேற்கே இந்தப் படிக்கிணற்றில் நரம்புச்சிலந்தியைக் கொண்டுவந்து விட்டது யாரென்று எழுதிக் கொடுத்தால்தான் காலேஜ் துரை சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவார். செருப்போடு கிணற்றில் இறங்கக் கூடாது என்றார்கள். சரி, கழற்றிவிட்டு இறங்குவானா? அதுவும் இல்லை, பூட்ஸ் காலோடு மேட்டிலேயே நின்றுகொண்டான்.

"இவ பதினாலாவது ஆளு தம்பி. இந்த வருசத்துக்கு முன்னால ஊருல ஒருத்தருக்கும் இந்தச் சீக்குக் கிடையாது. எப்படித்தான் வருது?" என்றார் நல்லகாமன்.

"புழு வெளிய வரும்போது காலு தீயா எரியும்யா. தண்ணிக்குள்ள வச்சாத்தான் இதமா இருக்கும். வச்சா, அம்புட்டுக் குஞ்சும் தண்ணியில கொட்டிரும். அதைக் குடிச்சவுகளுக்கு ஒரு வருசங் கழிச்சு இப்படிக் கிளம்பும்" என்றான் மலைச்சாமி.

"அப்ப போன சித்திரையில எவளோ காலை வச்சிருக்கா!" நல்லகாமன் துண்டை உதறினார். "இது கருப்பன் கிணறு. இங்க பொறந்தவன் எவனும் தண்ணிக்குள்ள கால் வைக்கமாட்டான். கடைசிப் படியில குத்தவச்சு மொண்டுக்கிடுறதுதான். இவ போன வருசந்தான் அவனியாபுரத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தா. எழுதுங்க இவ பேரை. இன்னைக்கே ஆத்தா வீட்டுக்கு வண்டி கட்டிர்றேன்."

"ஐயா, கருப்பன் மேல சத்தியமா நான் வைக்கலய்யா! கைப்பிள்ளையோட எங்க போவேன்?" ரெங்கம்மாள் ஓவென்று அழுதாள்.

மலைச்சாமி பென்சிலை எடுத்தான். 'ரெங்' வரைக்கும் எழுதியும்விட்டான். இன்னும் நாலு எழுத்து, காரியம் முடிந்தது. சீ, நீயும் ஒரு மனுஷனா என்று உள்ளுக்குள் மனசு காறித் துப்பியது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டான்.

"ஒருத்தனை விட்டுட்டீங்கய்யா. போன சித்திரையில ஆழம் அளக்க இடுப்பளவுத் தண்ணியில ஒருத்தன் இறங்குனானே?"

"அது நீங்கதான தம்பி!" நல்லகாமன் சிரித்தார். "படிச்சவுக காலை இந்தக் கணக்குல சேக்கலாமா?"

மலைச்சாமி மேல்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். காலுறையை உருட்டினான். ரெங்கம்மாளுக்குப் புண் இருந்த அதே இடத்தில், வட்டமாக ஒரு பழைய தழும்பு.

"காலேஜுல சிரிப்பாங்கன்னு அப்ப புண்ணுல துணியைச் சுத்தி மறைச்சிட்டு வந்தேன்யா" என்றான். "அன்னைக்கு இருந்த எரிச்சலுக்கு, உங்க கிணத்துத் தண்ணி அம்புட்டு இதமா இருந்துச்சு."