மார்ச்சுக்குப் பிறகு

“பதினோரு மணிக்கு அரசு வழக்கறிஞர் வந்துடுவார், லரீசா பெத்ரோவ்னா. அதுக்குள்ள நீங்களா வாயைத் திறந்தா வீட்டுக்குப் போகலாம். அவர் வந்து வழக்குன்னு பதிவாயிட்டா பத்து வருஷம்.”

லரீசா காபிக் கோப்பையை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். “இதை ஒரு வாய் குடிச்சா போதும், பொண்ணே. எந்தக் குத்தத்தையும் ஒத்துக்கத் தோணும்.”

விசாரணை அதிகாரி கைரே சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் பத்து முப்பத்தைந்து காட்டியது. மேசை மேல் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லரீசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எல்லை ஆற்றங்கரை நகரமான நார்வாவுக்கு மேற்கே ஒரு ரயில் சந்திப்பின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நேச நாட்டுப் படைகளின் பீரங்கி வண்டிகள் எந்த ரயிலில், எத்தனை மணிக்குக் கடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நவம்பரிலிருந்து அந்த நேரங்கள் அவள் கைபேசியிலிருந்து வதீம் என்ற ஒருவனுக்குப் போயிருந்தன. அவனை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

“யாருக்கு அனுப்பினீங்க? பேரை நீங்கதான் சொல்லணும். நான் எடுத்துக் கொடுக்கக்கூடாது. சட்டம் அப்படி.”

“அப்படி ஒருத்தர் இருக்கார்னே வெச்சுக்குவோம். எதுக்குச் சொல்லணும்?”

“அந்த ஆளுக்கு உங்க மேல அன்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ். மேசைக்கு ஒருத்தன். உங்களை மாதிரி பத்துப் பதினஞ்சு பேருக்கு ஒரே வசனம்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள் லரீசா. “மார்ச் வரைக்கும்.”

கைரேயின் பேனா நின்றது.

“முதல்ல எல்லாம் எத்தனை வண்டி, எத்தனை மணி, இதுதான் பேச்சு. கூடவே ஒரு ரோஜாப்பூ படம். பள்ளிக்கூடப் பொண்ணுன்னு நினைச்சுட்டான் போலன்னு சிரிச்சுக்குவேன். நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். மார்ச்சுக்கு அப்புறம் ஆளே மாறிட்டார். ரயிலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. முட்டி வலி எப்படி இருக்கு, மருந்து போட்டியா, இதுதான். ‘நீ இதையெல்லாம் விட்டுடு’ன்னுகூட ஒரு தடவை எழுதினார்.”

“அப்புறமும் ஏன் அனுப்பினீங்க?”

“ஐம்பத்திரண்டு வயசு. வீங்கின முட்டி. ரயில் நேரமும் இல்லைன்னா அவர் என்கிட்ட எதுக்குப் பேசணும்?”

கைரே தாள்களை அடுக்கினாள். அடுக்கியவற்றையே மறுபடி அடுக்கினாள். பயமுறுத்தி வாங்கிவிடலாம் என்று நினைத்துத்தான் இந்த அறைக்குள் வந்தாள். பயமில்லாதவளை என்ன செய்வது?

“ஒரே ஒரு பேர். பத்து நிமிஷத்துல வெளியே போயிடலாம்.”

“அவரைப் பிடிச்சுடுவீங்க.”

“பிடிச்சா என்ன? பொய்க்காரன்!” கைரேயின் குரல் அவளையும் மீறி உயர்ந்தது.

“அவங்க அம்மா செத்த அன்னைக்கு அவர் எழுதினது பொய்யா?” லரீசா மேசை மேல் சாய்ந்தாள். “‘மூக்குக்கண்ணாடி ஜன்னலோரமா கிடக்கு, எடுத்து வைக்க மனசு வரல’ன்னு எழுதினார். வரிக்கு ரெண்டு பிழை. கை நடுங்கினாத்தான் அப்படி எழுத வரும். நானும் என் அம்மாவைப் புதைச்சவ. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்த மனுஷனை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு. நீ சின்னப் பொண்ணு. உனக்குப் புரியாது.”

பத்து ஐம்பத்தாறு.

கைரேயின் விரல் சிவப்பு விளக்கை நோக்கிப் போயிற்று. அணைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் இந்த ஒருத்தி பிழைப்பாள். ஆனால் விஷயம் கசிந்து, இவளைப் போலவே வதீமுக்குத் தகவல் தரும், இன்னும் பிடிபடாத எட்டுப் பேர் நழுவிப் போவார்கள். அந்த எட்டுப் பேரில் யாரோ ஒருவர் தரும் தகவலில் ஏதோ ஒரு ரயில் தடம் புரளும். விரல் பாதியில் நின்றது. அதைத் தன்னுடையதல்லாத ஒரு பொருளைப்போல அவள் மெல்லத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

“கெஞ்சிக் கேக்கறேன்” என்றாள். அந்த அறையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

லரீசா அவளைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். மாட்டேன்.

கதவு தட்டப்பட்டது. அரசு வழக்கறிஞர் ஈரக் கோட்டோடு உள்ளே வந்தார். “அவங்களா பேர் ஏதாவது சொன்னாங்களா?”

“சொல்லல.”

“சரி, பதிவு பண்ணிடலாம்.”

லரீசா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் காவலரை நிறுத்தித் திரும்பினாள்.

“பொண்ணே, ஒரு உதவி. வியாழக்கிழமை அவங்க அம்மாவுக்கு நாப்பதாம் நாள் நினைவு. அன்னைக்கு அவர் வீட்ல தனியா உக்காந்திருப்பார். சாயங்காலம் முழுக்க அவர்கூடப் பேசிட்டிருப்பேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். நான் மறக்கலைன்னு எப்படியாவது அவருக்குத் தெரியப்படுத்த முடியுமா?”

“தெரிஞ்சிடும்” என்றாள் கைரே.

கதவு மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, மார்ச் மாதம் எல்லையில் பிடிபட்ட வதீமின் கைபேசியை அவள் இழுப்பறையிலிருந்து எடுத்தாள். அன்றிலிருந்து அவன் பெயரில் எழுதிவந்தவள் அவள்தான். செத்துப்போனதும் அவளுடைய அம்மாதான்.